ஊதா பூக்க இன்னும் இரண்டு வாரம்

என் தம்பி ஆப்ராமைப் புதைத்த எட்டாம் நாள் ரகேல் என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் துணி சுற்றிய, சாம்பலில் சுட்ட ரொட்டி. ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால்தான் அவள் எனக்கு ரொட்டி சுடுவாள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அது பொய். பதினாறு வருஷமாக எங்கள் அம்மாவின் அடுப்பில் தினமும் அவள்தான் ரொட்டி சுட்டாள். அவள்மேல் எனக்கிருந்த முதல் கோபமே அதுதான்.

அதற்கு முன் அந்த அடுப்பு என்னுடையது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டு வந்தவர்களும் கிடையாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மா போனபிறகு ஆப்ராமுக்குச் சமைத்துப் போட்டது நான். தேவாலயத்தில் அவனுக்குக் கட்டிவைத்த மகிரீத்தா மூன்றே வருஷத்தில் கேப் டவுனுக்கு ஓடிப்போனாள். திரும்பியும் வரவில்லை, விலக்குப் பத்திரத்தில் கையெழுத்தும் போடவில்லை. செப்புச் சுரங்க வேலைக்குப் போன ஊரிலிருந்து ஆப்ராம் ரகேலைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்கு மோதிரமும் இல்லை, ஆசீர்வாதமும் இல்லை. ஒரே ஒரு பெட்டிதான். அவள் வந்த வாரமே நான் என் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புற அறைக்குப் போனேன். அவள் தடுப்பாள் என்று நினைத்தேன். தடுக்கத்தான் செய்தாள். நான் எதிர்பார்த்த அளவுக்குத் தடுக்கவில்லை.

ரொட்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, ஆப்ராம் கல்லறைக்கு ஃபேகி வேண்டும் என்று கேட்டாள்.

எங்கள் ஊர் ரஸ்டாலில் கல்லறைக்குச் சிமெண்ட் பூசுவதில்லை. சிலுவையை நட்டு, மண்மேட்டின்மேல் ஃபேகிச் செடியைப் படரவிடுவோம். விரல் விரலாகச் சதைப்பற்றான இலை, தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடும், மழை அரிதான எங்கள் மண்ணில் அதற்கு எந்தக் குறையும் வராது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம். நாங்கள் ஸ்வார்ட்பூய் வீட்டார், ஊதா. எங்கள் பக்கத்து வரிசை பியூக்கஸ் வீட்டார், ஆரஞ்சு. சபை மூப்பர் கோலியாத் வீட்டார் வெள்ளை. புருஷன் செத்தால் குடும்பத்தில் மூத்தவர் பழைய கல்லறையிலிருந்து நுனி கிள்ளிக் கொடுக்க, பெண்டாட்டி அதை நட்டு மூடவேண்டும். அடுத்த செப்டம்பரில் கல்லறை குடும்ப நிறத்தில் பூத்துவிட்டால், அவனுக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. மூப்பர் அங்கே ஒரு வெள்ளைக்கல் வைத்துவிடுவார்.

பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பெண்டாட்டி என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த வெள்ளைக்கல் சொல்லிவிடும். அதற்காகத்தான் அவள் வந்து நின்றாள். அந்த இடத்தின்மேல் எனக்கும் கண் இருந்தது. பெண்டாட்டி மூடாத கல்லறைக்குப் பக்கத்தில் கூடப்பிறந்தவளைத்தான் வைப்பார்கள்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மூப்பரின் மனைவி அன்னா ஏற்கெனவே அவளுக்குப் பரிந்து பேச ஆரம்பித்திருந்தாள், நான் மறுத்தால் ஊர் என்னைத்தான் பேசும். அதனால் சனிக்கிழமை பத்துப் பேர் பார்க்க, அன்னாவும் டீனா பியூக்கஸும் பக்கத்தில் நிற்க, எங்கள் அம்மாவின் கல்லறையிலிருந்து நாற்பது நுனி கிள்ளிக் கொடுத்தேன். அசல் ஊதா. எல்லாரும் கலைந்தபிறகு அவள் தலையைத் தடவி ஒரு புத்தியும் சொன்னேன்.

"புதுசா நட்டது பச்சப்புள்ள மாதிரிம்மா. தெனமும் சாயங்காலம் ஒரு வாளி தண்ணி ஊத்து. மறந்துடாத."

ரஸ்டாலில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், ஃபேகிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கழுத்தை நெரிப்பதும் ஒன்று என்று. கிள்ளிய நுனியை இரண்டு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்தபிறகு மண்ணில் செருகிவிட்டு, அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கக் கூடாது. ரகேல் டவுன்காரி. அவள் அம்மா டப்பாக்களில் ஜெரேனியம் வளர்த்தவளாம். மூன்று வாரம் தேவாலயக் குழாயடியிலிருந்து மேட்டுக்கு வாளி சுமந்தாள். வழியில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தியாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கல்யாணமாகாமல் குடித்தனம் செய்தவள் தண்ணீர் சுமப்பதைப் பார்க்க எல்லாருக்கும் ஒரு வேடிக்கை.

நான்காம் வாரம் இலைகள் வெந்ததுபோல் கண்ணாடியாகிவிட்டன. தண்டு கறுத்து, தொட்டால் கையோடு வந்தது. மே மாதம் ஒரு மத்தியானம் அழுகின தண்டுகளை ஒரு கை நிறைய எடுத்துக்கொண்டு வந்து, "நான் என்னமோ தப்பு பண்ணிட்டேன் அக்கா" என்றாள். நான் சொன்னதைச் செய்ததுதான் தப்பு என்பது அவளுக்குத் தோன்றவில்லை. இன்னொரு தடவை கிள்ளித் தரமுடியுமா என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கிருந்தோ வந்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்குள்ளிருந்துதான் வந்தது. ஊதா ஆனாலும் ஆரஞ்சு ஆனாலும், பூ விரிகிறவரை ஃபேகிக்கு இலை ஒன்றுபோலத்தான். இங்கே பிறந்து வளர்ந்தவர்களே பூவைப் பார்க்காமல் நிறம் சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி தின்றுவிட்டு ஊரே மத்தியானத் தூக்கத்தில் கிடந்த நேரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பியூக்கஸ் வரிசையில், டீனாவின் மாமனார் கல்லறையில் குனிந்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக அறுபது நுனி கிள்ளி ஏப்ரன் துணியில் முடிந்துகொண்டேன். ஃபேகியைக் கிள்ளினால் அது இன்னும் அடர்த்தியாகத்தான் வரும், யாருக்கும் தெரியாது. ஆனால் ரஸ்டாலில் ஒரு குடும்பத்தின் கல்லறையில் இன்னொரு குடும்பத்தார் விரல் நுனியளவு கிள்ளினாலும் அது திருட்டு. ஆடு திருடினவனை எங்கள் ஊர் மன்னித்திருக்கிறது. கல்லறையில் கிள்ளினவளை மன்னித்ததில்லை.

அன்று மாலை ரகேலிடம் மாவுப் பையில் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை யாரையும் கூப்பிடவில்லை. அவள் என் கையை எடுத்து முத்தமிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் சமாளித்தேன்.

இந்த முறை அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை. அடுத்தவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. காய்ந்த ஆற்றிலிருந்து பரல்மணல் அள்ளிவந்து களிமண்ணோடு கலந்து மேட்டை உயர்த்தினாள், தண்ணீர் நிற்காமல் ஓட. நுனிகளைப் பழைய செய்தித்தாளில் பரப்பி இரண்டு நாள் காயவைத்தாள். குச்சியால் துளை போட்டு ஒவ்வொன்றாகச் செருகி, கட்டைவிரலால் மண்ணை அமுக்கினாள். அதோடு சரி, வாளியைத் தொடவில்லை. ஜூனில் எங்கள் குளிர்கால மழை வந்தது. மழை விட்ட காலைகளில் போய் நத்தை பொறுக்கினாள். களையை நகத்தால் பிடுங்கினாள், கொத்தினால் வேர் அறுந்துவிடும் என்று. ஓரத்தில் வெள்ளைப் பளிங்குக் கற்களை வரிசையாகப் பதித்தாள். ஆகஸ்டில் மண்ணே தெரியவில்லை. எங்கள் அம்மாவின் கல்லறையைவிட ஆப்ராமுடையது செழிப்பாக இருந்தது. பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது. அதே நேரம் அது நன்றாக வளரவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். எவ்வளவு பூக்கிறதோ அவ்வளவு நல்லது எனக்கு.

ஜூலையில் எனக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் ரகேல்தான் பார்த்துக்கொண்டாள். செம்மறி வால் சூப் வைத்து, தலையை நிமிர்த்திப் பிடித்து ஊட்டினாள். மூன்றாம் நாள் சொல்லிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். பிடுங்கிப் போட்டுவிடு, வேறு தருகிறேன் என்று வாய்வரைக்கும் வந்தது. அப்போது பார்த்தேன், சூப்பை அவள் எங்கள் அம்மாவின் நீலக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தாள். யாரைக் கேட்டு எடுத்தாள்? சொல்ல வந்ததைச் சூப்போடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு எங்களுக்குப் பூ ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அவரவர் குடும்ப வரிசையில் நிற்போம். ஃபேகி வெயில் இல்லாமல் கண் திறக்காது. உச்சி வெயில் ஏறும்போது நம் கண்முன்னாலேயே விரியும். அந்த ஞாயிறு விரிவது ஆரஞ்சும் மஞ்சளும்தான். எங்கள் ஊதா எப்போதுமே இரண்டு வாரம் பிந்தி. அதனால் ரகேல் தன் செடியில் அன்று ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் வெள்ளைப் பாவாடையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து உடுத்திக்கொண்டு வந்து ஆப்ராம் தலைமாட்டில் நின்றாள். மொட்டு நிறைய இருந்தது. முந்தைய வாரம் முழுக்க மேகம், அதனால் ஒரு மொட்டும் வாய் திறக்கவில்லை.

மேகம் விலகியது. பியூக்கஸ் வரிசையில் ஆரஞ்சு விரிய ஆரம்பித்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் ஆப்ராம் கல்லறையில் ஒரு மொட்டு அசைந்தது. ரகேல் குனிந்து பார்த்தாள். ஒரு நொடி அவள் முகம் அப்படி மலர்ந்தது, தன்னுடையது சீக்கிரமே பூக்கிறது என்று. கூப்பிட்டு என்னிடம் காட்டவும் செய்தாள். "பாருங்கக்கா, பாருங்க" என்றாள்.

ஒன்று, பத்து, முப்பது. கால்மணி நேரத்தில் என் தம்பியின் மேல் ஒரு பாய் விரித்தாற்போல் ஆரஞ்சு.

பிள்ளைகள் கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். டீனா பியூக்கஸ் வரிசையைத் தாண்டி வந்து, குனிந்து ஒரு பூவைத் திருப்பிப் பார்த்தாள். நிதானமாக நிமிர்ந்தாள்.

"இது எங்க மாமனாரோடது" என்றாள்.

மூப்பர் கோலியாத் வந்தார். பெயர்தான் கோலியாத், என் தோளுயரம்கூட இருக்கமாட்டார், கோபமும் சட்டென்று வராத மனுஷன். இது எங்கேயிருந்து வந்தது என்று ரகேலைக் கேட்டார். ரகேல் என்னைப் பார்த்தாள். நான்தான் கொடுத்தேன் என்று சொன்னாள். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. நானே இப்போது வாயைத் திறந்து விளக்கிவிடுவேன், ஏதோ கைத்தவறு நடந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கிற குரல்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. நான்கு மாதமாக ஒத்திகை பார்த்த வாய்.

"நான் குடுத்தது ஊதா. எல்லாரும் பாக்கக் குடுத்தேன், அன்னா இருந்தா, டீனாவே இருந்தா. இவ தண்ணிய ஊத்தி அழுக வெச்சுட்டா. அதுக்கப்புறம் இத எங்க கிள்ளினாளோ, எனக்கென்ன தெரியும்?"

அன்னா தலையாட்டினாள். அவள் பார்த்தது உண்மைதானே. அழுகினதையும் ஊரே பார்த்திருந்தது. ரகேல் மாவுப் பையைப் பற்றிச் சொன்னாள். பார்த்தவர் யாரென்று கேட்டார்கள். யாருமில்லை.

ரகேலுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் கண்ணில் அது இறங்குவதை நான் பார்த்தேன். கத்துவாள், என் தலைமயிரைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் தயாராக இருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மூப்பரிடம்தான் பேசினாள்.

"நடுவுல பாருங்க. அவர் நெஞ்சுக்கு நேரா. அது மட்டும் வேற செடி, இன்னும் விரியல. ஆட்டுக்கொட்டில் பின்னாடி பாறை இடுக்குல ஆப்ராம் எனக்கு நட்டுக் குடுத்தது. பத்து வருஷமா அங்க இருந்தத அப்படியே பேத்துக்கிட்டு வந்து இங்க வெச்சேன். அதுக்கு நான் ஒரு நாளும் தண்ணி ஊத்தினதில்ல, இவங்க சொன்னாங்கன்னுதான் மொதல்ல நட்டதுக்கு ஊத்தினேன். ரெண்டு வாரம் பொறுங்க. ஊதாவா பூக்கும். பூக்கலேன்னா என்னை என்ன வேணா பண்ணுங்க."

உண்மைதான், நடுவில் ஒரு முறம் அகலத்துக்கு மொட்டுகள் மூடியே இருந்தன.

எங்கள் ஊரில் ஒருத்தன் தன் குடும்பத்துக் கல்லறையிலிருந்து கிள்ளி ஒரு பெண்ணுக்கு நட்டுக் கொடுப்பது ஒரே ஒரு நாள்தான். கல்யாணத்தன்று. அதை ஆப்ராம் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறான். நான் தினமும் ஆடு கறக்கப் போகும் இடம், என் மூக்குக்குக் கீழே. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. மூப்பர் தாடியைத் தடவினார். "ரெண்டு வாரந்தானே, பாத்துடலாமே" என்றார்.

பூத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொந்தமாக ஊதா வைத்திருப்பவள் ஆரஞ்சைத் திருடவேண்டிய அவசியமென்ன என்று ஒரு குழந்தைகூடக் கேட்கும். அடுத்த கேள்வி என்னிடம் வரும்.

நான் அழுதேன். தேவைப்பட்டால் எனக்கு அழ வரும். இன்னும் இரண்டு வாரம் என் தம்பி திருட்டுச் செடியின் கீழே கிடக்கவேண்டுமா என்று கேட்டேன். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லமாட்டான் என்ற தைரியத்தில் அவன் பெயரையே இழுக்கிறாளே என்றேன். தேவாலயத்தில் கட்டின பெண்டாட்டி உயிரோடு இருக்க, என் தம்பி இன்னொருத்திக்குக் கல்யாணச் செடி கொடுத்தான் என்று கல்லறைத் தோட்டத்தில் நின்று சொல்லவைக்கிறீர்களே என்றேன். கடைசியில் சொன்னதுதான் வேலை செய்தது. டீனாவும் என்னோடு சேர்ந்துகொண்டாள், அவளுக்கு அவள் மாமனார் மானம். மூப்பர் பெருமூச்சு விட்டார். இன்றே எடுத்துவிடச் சொன்னார்.

எடுக்கவேண்டியவள் நட்டவள். அது வழக்கம். வெள்ளைப் பாவாடையோடு முழங்காலிட்டு உட்கார்ந்து, முழு வெயிலில், முழுப் பூவில் இருந்த செடியை ரகேல் கையால் பிடுங்கினாள். நடுவிலிருந்ததைக் கடைசிவரை விட்டுவைத்தாள். மூப்பரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். அதையும் பிடுங்கினாள். திருட்டுச் செடி திரும்பக் கல்லறைக்குப் போகக்கூடாது, அதனால் எல்லாவற்றையும் சுவருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டச் சொன்னார்கள். ஏழு நடை நடந்தாள். யாரும் கூட ஒரு கை கொடுக்கவில்லை. நான் நிழலில் நின்று ஒவ்வொரு நடையையும் எண்ணினேன்.

அடுத்த ஞாயிறு அவள் பெயர் பிரசங்க மேடையிலிருந்து திருடி என்று வாசிக்கப்படும் என்று சொன்னார்கள். அவள் அதற்கு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போகும் லாரியில் கிளம்பினாள், வந்தபோது இருந்த அதே ஒரு பெட்டியோடு. போகும்முன் என் அறைக்கு வந்து சாவியைக் கொடுத்தாள். அடுப்பில் சாம்பல் அள்ளிவிட்டேன் என்றாள். அன்று மத்தியானமே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

இனி நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஃபேகியைப் பிடுங்கி எறிந்தால் சாகாது. எறிந்த இடத்தில் வேர் விடும். இலையில் அவ்வளவு தண்ணீர் வைத்திருக்கிறது. தினமும் மத்தியானம் ஆட்டை ஓட்டுகிற சாக்கில் குப்பைமேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சுகள் தலைகீழாகக் கிடந்தும் பூத்துக்கொண்டிருந்தன. பதினான்காம் நாள் வரைக்கும் நடுச்செடி மூடியே இருந்தது. அவள் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று நான் எவ்வளவு வேண்டிக்கொண்டேன் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

பதினைந்தாம் நாள் விரிந்தது. ஊதா. எங்கள் ஊதாதான், நடுவில் வெள்ளைப் பொட்டோடு, எங்கள் அம்மாவின் கல்லறையில் இருப்பதேதான்.

சுற்றிப் பார்த்தேன், யாருமில்லை. அள்ளி ஏப்ரன் துணியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அடுப்பில் போட்டேன். எரியவில்லை. சீறியது, நுரைத்தது, நெருப்பை அணைத்துவிட்டது. வெளியே இழுத்தால் இரண்டு கிளைதான் வெந்திருந்தது, மீதி அப்படியே பச்சை. தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு செடியை எனக்கு யாரும் நட்டுக் கொடுத்ததில்லை. பொறாமைதான், வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

ஆட்டுக்குப் போட்டிருக்கலாம். நான் போடவில்லை. மறுநாள் காலை எல்லாரும் பார்க்க அதைக் கொண்டுபோய் ஆப்ராமின் மொட்டை மேட்டில் நட்டேன். எங்கிருந்து என்று அன்னா கேட்டாள். அம்மா கல்லறையிலிருந்து வேரோடு எடுத்தேன் என்றேன். பூவோடு நட்டால் பிடிக்காது, கோடை வேறு வருகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். சாக்குத் துணியை நாலு குச்சியில் கட்டி நிழல் போட்டேன். நத்தை பொறுக்கினேன். ரகேல் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். பிடித்துக்கொண்டது. கூடப்பிறந்தவள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று மூப்பர் பிரசங்கத்திலேயே சொன்னார். ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஆப்ராமுக்குப் பக்கத்தில் எனக்கு வெள்ளைக்கல் வைத்தார்கள்.

அடுத்த செப்டம்பர் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, லாரியிலிருந்து ரகேல் இறங்கினாள்.

நானும் டீனாவும் கல்லறைத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் மெலிந்திருந்தாள். டவுனில் பள்ளி விடுதியில் பாத்திரம் கழுவுகிறாளாம், கைவிரலெல்லாம் வெடித்திருந்தது. லாரி திரும்ப ஒரு மணி நேரம் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். ஆப்ராமின்மேல் அந்த நேரம் ஊதா கண்ணைப் பறித்தது. ஒரு வருஷத்தில் மேடு முழுக்கப் படர்ந்து என் இடத்துப் பக்கமும் ஒரு சாண் வந்திருந்தது. ரகேல் நெஞ்சுக்கு நேராக நின்று பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. பத்து வருஷம் வைத்திருந்த செடி அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

என்ன சொல்லப்போகிறாள் என்று கையில் களையோடு காத்திருந்தேன். டீனா இரண்டு வரிசை தள்ளி, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ரகேல் எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி பேசினாள்.

"நல்லா வெச்சிருக்கீங்க அக்கா. அடுப்படி ஜன்னல்ல ஒரு டப்பா வெச்சிருக்கேன், சும்மாதான் இருக்கு. ஒரே ஒரு நுனி கிள்ளிக் குடுங்க. போதும்."

விரல் நீளம். அவ்வளவுதான் கேட்டாள், அதுவும் அவளுடைய செடியிலிருந்து. இடத்தைக் கேட்கவில்லை. பெயரைத் திருத்தச் சொல்லவில்லை. கொடுத்திருந்தால் ஒரு வாரத்தில் அந்தக் கிளையில் இன்னொன்று வந்திருக்கும். ஆனால் டீனா பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஏன் கொடுத்தாய் என்று கேட்பாள். கேட்டால் நான் என்ன சொல்வேன்?

"எங்க குடும்பத்துச் செடிய வெளியாளுக்குக் குடுக்கற வழக்கம் இல்ல" என்றேன், டீனாவுக்கும் கேட்கும்படி.

ரகேல் தலையை ஆட்டினாள். சரிதான் என்பதுபோல. அங்கேயே நின்றாள், போகவில்லை.

அப்போது ஒன்று செய்தேன். டீனாவைக் கூப்பிட்டு, தாகமாக இருக்கிறது, குழாயடிவரை போய்வரலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான். கல்லறைத் தோட்டத்தில் ரகேலைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. குழாயடியில் டீனாவோடு ஆட்டு விலை, மழை, அவள் மருமகள் என்று முழுதாக அரைமணி நேரம் பேசினேன். ரகேல் பக்கம் ஒரு தடவையும் திரும்பவில்லை, டீனாவையும் திரும்பவிடவில்லை. கிள்ளிக்கொள்ளட்டும். ஒன்றென்ன, பத்து கிள்ளிக்கொள்ளட்டும். லாரி ஹார்ன் அடித்தது. ரகேல் எங்களைத் தாண்டிப் போகும்போது வருகிறேன் என்றாள். இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. சட்டைக்குள் ஒளித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டீனா வீட்டுக்குப் போனபிறகு நான் திரும்ப வந்து ஆப்ராம் தலைமாட்டில் முழங்காலிட்டேன். ஃபேகியைக் கிள்ளினால் அந்த இடத்தில் பால் இல்லாத ஈரமான வெட்டு தெரியும், ஒரு நாள் வரைக்கும் காயாது. கிளை கிளையாகத் தூக்கிப் பார்த்தேன். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுவரை பார்த்தேன், என் பக்கம் படர்ந்திருந்த ஒரு சாணையும் பார்த்தேன். வெயில் இறங்கிப் பூவெல்லாம் வாய் மூடிக்கொண்டது, அப்புறமும் தடவித் தடவித் தேடினேன். ஒரு நுனிகூடக் குறையவில்லை. ஒன்றே ஒன்றை அவள் திருடியிருந்தால் போதும், எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.